ஊசி ஆரம்பித்து ஏழு மாதம், ஏழு கிலோ: இடுப்பு எப்போது குறையும்?

கேள்வி: எனக்கு 24 வயது. திருநம்பி, அதாவது பெண் என்று பதிவாகிப் பிறந்து ஆணாக வாழ்பவன். திருச்சியில் உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். ஏழு மாதமாக, மூன்று வாரத்துக்கு ஒரு முறை 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டுக்கொள்கிறேன். உயரம் 158 செ.மீ. ஆரம்பிக்கும்போது 68 கிலோ இருந்தேன், இப்போது 75. குரல் உடைந்துவிட்டது, மாதவிடாய் நின்றுவிட்டது. ஆனால் இடுப்பும் தொடையும் அப்படியே இருக்கின்றன, போதாததற்குத் தொப்பை வேறு. டாப் சர்ஜரிக்கு (மார்பை ஆண் வடிவத்துக்குச் சீராக்கும் அறுவை சிகிச்சை) கேட்டால் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன், இரண்டு நாளுக்கு மேல் முடியவில்லை. ஜிம்மில் ஏதோ பவுடர் சொல்கிறார்கள். ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்தினால் எடை குறையுமா? என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடைக்காக ஊசியை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சில மாதங்களில் மாதவிடாய் திரும்பிவிடும், சேர்ந்த தசை கரையும், கொழுப்பு மறுபடியும் இடுப்புக்கும் தொடைக்குமே போகும். உடைந்த குரல் மட்டும் அப்படியே நிற்கும். எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்களோ அதைக் கொடுத்துவிட்டு எடையைக் குறைக்க வேண்டியதில்லை. ஊசியைத் தொடர்ந்துகொண்டே குறைக்கலாம்.

சரி, அந்த ஏழு கிலோவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். திருநம்பிகளை முதல் ஒரு வருடம் அளந்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சராசரியாகத் தசை முதலான கொழுப்பில்லாத எடை 4 கிலோவுக்கு அருகில் கூடுகிறது. கொழுப்பு இரண்டரை கிலோ போலக் குறைகிறது. ஆகத் தராசில் தெரியும் ஏற்றம் ஒன்றரை, இரண்டு கிலோதான். உங்களுக்கு ஏறியிருப்பது ஏழு. அதில் கொஞ்சம் தசை. ஆரம்ப மாதங்களில் உடம்பு பிடித்துவைக்கும் உப்பும் நீரும் கொஞ்சம். மீதி சாப்பாடு. குறையாகச் சொல்லவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் சட்டியை வழித்துச் சாப்பிடும் பதின்மூன்று வயதுப் பையனின் பசியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு இப்போது வந்திருப்பது அந்தப் பசிதான். உடம்பு இன்னொரு முறை பருவ வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி உங்களால் இரண்டு நாளுக்கு மேல் தாங்க முடியாமல் போனதற்கு மன உறுதிக் குறைவு காரணமில்லை.

அடுத்து இடுப்பு. "கொழுப்பு இடம் மாறும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், அந்தச் சொல்தான் நிறைய பேரை ஏமாற்றிவிடுகிறது. இடுப்பில் இருக்கும் கொழுப்பு அங்கிருந்து கிளம்பி வேறிடம் போவதில்லை. புதிதாகச் சேரும் கொழுப்பு எங்கே தங்கும் என்பதைத்தான் ஹார்மோன் மாற்றுகிறது. முன்பு கூடுதலாகச் சாப்பிட்டது தொடையில் தங்கியது, இப்போது வயிற்றில் தங்குகிறது. அதாவது உங்கள் தொப்பை, டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்கிறது என்பதற்கே ஒரு அடையாளம். கூடவே, தேவைக்கு மேல் சாப்பிடுகிறீர்கள் என்பதற்கும். பழைய இடுப்புக் கொழுப்பு போக வேண்டுமென்றால் உடம்பு அதை எடுத்துச் செலவழிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். இந்த மாற்றம் தொடங்குவது ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள், முழுதாகத் தெரிவது 2 முதல் 5 ஆண்டுகளில். தசை அதைவிடத் தாமதம்: 6 முதல் 12 மாதத்தில்தான் தொடங்கும். ஏழாவது மாதத்தில் கண்ணாடி முன் நின்று தீர்ப்பு எழுதுவது, நாற்று நட்ட வாரமே களத்தைக் கூட்டிவைப்பது மாதிரி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பருவம் முடிந்த பிறகு இடுப்பெலும்பின் அகலம் மாறாது, எந்த ஊசியாலும் எந்தப் பயிற்சியாலும். ஆனால் உடம்பின் வடிவம் என்று கண்ணுக்குப் படுவது இடுப்பு மட்டும் இல்லை. தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள விகிதம். இடுப்பைச் சுருக்குவதில் ஓர் எல்லை இருக்கிறது. தோளையும் முதுகையும் அகலமாக்குவதில் உங்களுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

என்னிடம் வரும் ஒரு தம்பி ஒவ்வொரு முறையும் தராசில் ஏறி முகம் வாடி இறங்குவார். ஒரு நாள் அவர் அம்மாவின் தையல் மெஷின் பெட்டியில் இருக்கும் இஞ்ச் டேப்பை எடுத்து, தோள், மார்பு, தொப்புள் மட்டத்தில் வயிறு, பிட்டத்தின் அகன்ற இடம், தொடை ஆகியவற்றை மாதம் ஒரு முறை மட்டும் அளந்து எழுதச் சொன்னேன். ஐந்தாவது மாதம் நோட்டைக் கொண்டுவந்தார். எடை அரைக் கிலோகூடக் குறையவில்லை. வயிறு 5 செ.மீ. உள்ளே போயிருந்தது, தோள் சுற்றளவு 3 செ.மீ. கூடியிருந்தது. பெல்ட்டில் ஆணியால் குத்திப் புது ஓட்டை போட்டிருந்ததையும் காட்டினார். தராசு மட்டும் இருந்திருந்தால் அந்த ஐந்து மாதமும் வீண் என்று நினைத்திருப்பார். நீங்களும் அந்த நோட்டை இன்றே ஆரம்பியுங்கள்.

அப்படியென்றால் எடையைக் குறைக்க வேண்டாமா? குறைக்கத்தான் வேண்டும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ உங்களுக்கு 30. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். வயிற்றுச் சுற்றளவில் ஆண்களுக்கான எல்லையான 90 செ.மீ.க்குள் இருக்கப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்லைக் கொஞ்சம் குறைக்கும், இரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடைக் கூட்டும். அதோடு தொப்பையும் சேர்ந்தால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லதில்லை. முதல் இலக்கு எடையில் 5 சதவீதம், அதாவது நாலு கிலோ போல. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டாம். பட்டினியால் வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். இவ்வளவு ஊசி போட்டுச் சேர்த்ததைப் பட்டினியில் கரைப்பானேன்?

டெலிவரி வேலையில் சாப்பாடு எப்படிப் போகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். காலையில் டீயும் பன்னும். மதியம் ஆர்டர் அதிகம் என்பதால் மூன்றரைக்கு ஒரு வடை. ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டா. ஒரு பரோட்டாவே 250, 300 கலோரி வரும். மூன்றும் சால்னாவும் என்றால் ஒரே தட்டில் ஆயிரம். நடுவில் ஐந்து டீ குடித்தால், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, மொத்தம் 50 கிராம் சர்க்கரை. அது மட்டும் 200 கலோரி. சோற்றைப் பழி சொல்லாதீர்கள். டீயில் சர்க்கரையைப் பாதியாக்கி, பரோட்டாவை வாரத்தில் ஒரு நாளாக்கினாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, பகலில் பசியை ஒழுங்காக அடக்குவது. பகலில் காயப்போட்டால் ராத்திரி பரோட்டாக் கடை இழுக்கத்தான் செய்யும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 90 கிராம் புரதம் தேவை. மலைக்க வேண்டாம். மூன்று முட்டை 18 கிராம். ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12. நான்கைந்து துண்டு கோழியோ மீனோ 30. இரண்டு டம்ளர் பாலோ தயிரோ 12. இட்லி, சாம்பார், சோறு இவற்றிலிருந்து மீதி வந்துவிடும். கோழிக்குப் பணம் இடிக்கும் நாளில் சோயா உருண்டை போட்டுக் குழம்பு வையுங்கள். காய்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், விலையும் குறைவு. வேகவைத்த இரண்டு முட்டையும் ஒரு டப்பா சுண்டலும் வண்டிப் பெட்டியில் இருந்தால் மூன்றரை மணி வடைக்கு வேலை இருக்காது. சோறு தட்டில் கால் பங்கு, பொரியலும் கூட்டும் பாதி. பொரியலில் எண்ணெய் மிதக்க வேண்டாம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

உடற்பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. உடை மாற்றும் அறையில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலேயே தண்டால், பஸ்கி. தண்டால் வரவில்லையென்றால் முதலில் சுவரில் கை ஊன்றி, பிறகு கட்டிலில், பிறகு தரையில். தோளுக்கும் முதுகுக்கும் நம் ஊர்க் கர்லாக்கட்டையை விட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. சொல்லித்தர ஒரு ஆசான் கிடைத்தால் விடாதீர்கள். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் போதும். பளுவை மெல்லக் கூட்டுங்கள். தசைக்குப் பலம் வரும் வேகத்தில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு வராது. உற்சாகத்தில் ஒரேயடியாகத் தூக்கித் தோளை இழுத்துக்கொண்டு வரும் தம்பிகளை அடிக்கடி பார்க்கிறேன். வண்டியில் பத்து மணி நேரம் உட்கார்வது நடையில் சேராது, அதனால் தனியாக அரை மணி நடையும் வேண்டும்.

மார்பைத் தட்டையாகக் காட்ட இறுக்கிப் போடும் பைண்டரோடு பயிற்சி செய்ய வேண்டாம். விலா அசையாமல் ஆழமாக மூச்சு விட முடியாது. பயிற்சிக்குத் தளர்வான ஸ்போர்ட்ஸ் உள்ளாடை, மேலே கருப்பு டி-ஷர்ட் போதும். மற்ற நேரத்திலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் பைண்டர் வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். மருந்துக்கடை எலாஸ்டிக் பேண்டேஜைச் சுற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூச்சு விட விட அது இறுகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் போவதில் இருக்கும் தொல்லையால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் திருநம்பிகள் நிறைய. நீங்களும் வெயிலில் அலைகிறீர்கள். டெஸ்டோஸ்டிரோன் இரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும். அதோடு உடம்பில் நீரும் வற்றினால் இரத்தம் இன்னும் கெட்டியாகும். ரிப்போர்ட்டில் பிசிவி அல்லது ஹீமடோக்ரிட் என்ற வரியைப் பாருங்கள், இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. 50-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும், 54-ஐத் தாண்டினால் அளவைக் குறைக்கவோ சிறிது காலம் நிறுத்தவோ சொல்வார். புகை பிடித்தால் அது இன்னும் ஏறும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இதை ஏற்றும். லேபில் உங்கள் பெயர் பெண் என்று பதிவாகியிருந்தால் ஹீமோகுளோபினும் சிறுநீரகப் பரிசோதனையான கிரியேட்டினினும் சிவப்பில் அடிக்கோடிட்டு வரலாம். பயந்துவிடாதீர்கள். அவற்றை ஆண்களுக்கான அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

ஜிம் பவுடர்? வெறும் புரதப் பவுடர் என்றால் ஆபத்தில்லை, ஆனால் முட்டையில் கிடைப்பதுதான் அதிலும் இருக்கிறது. "மாஸ் கெய்னர்" பெரும்பாலும் சர்க்கரையும் மாவும். உங்களுக்கு வேண்டவே வேண்டாம். பெயர் ஒட்டாத டப்பாவையோ மாத்திரையையோ தொடாதீர்கள். சீக்கிரம் மாற வேண்டும் என்று ஊசியை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும், இரத்தமும் கெட்டியாகும். மூன்று வார இடைவெளியில் கடைசி நாட்களில் சோர்வும் எரிச்சலும் வருகிறதென்றால், அளவைப் பிரித்துக் குறுகிய இடைவெளியில் போடலாமா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

டாப் சர்ஜரிக்கு "எடையைக் குறை" என்றால் எத்தனை கிலோ, எந்த பிஎம்ஐ என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஆள் எல்லை மாறும், எண் தெரியாமல் ஓடக் கூடாது. அந்த எடைக்கு வந்த பின் சில மாதம் அதிலேயே நின்றுவிட்டு அறுவை சிகிச்சை மேசையில் ஏறுவது நல்லது. அப்போதுதான் சீராக்கிய மார்பின் வடிவம் நிலைக்கும்.

இன்னொன்று. மார்பும் இடுப்பும் தெரியக் கூடாது என்பதற்காகவே சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கும் நிலைக்கு நம் பிள்ளைகள் பலர் போகிறார்கள். சாப்பிட்ட பின் குற்ற உணர்வு, வாந்தி எடுக்கும் எண்ணம், கண்ணாடியையே தவிர்ப்பது என்று எதுவும் இருந்தால் டயட்டை அப்படியே வைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் திருநர்களுக்கான தனிச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களுக்கு மதுரை பக்கம்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது பிசிவி, கொழுப்பு அளவுகள், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் அளவு, இரத்த அழுத்தம் இத்தனையும் கேளுங்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம். உங்களுக்கு முன்பே சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சர்க்கரைப் பரிசோதனை இன்னும் முக்கியமாகிவிடும். இஞ்ச் டேப் நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். மூன்று மாதம் கழித்து அதில் இருக்கும் எண்களை எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைப் பேசுவோம்.