திறக்காத டிரங்குப் பெட்டி

கேள்வி: பயண நூல் எதையாவது படித்து, 'இது என் கதை' என்று நினைத்ததுண்டா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்டு. ஷெரில் ஸ்ட்ரெய்ட் எழுதி 2012இல் வெளியான 'வைல்ட்'. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, மணவாழ்வும் முறிந்த நிலையில், 1995இல், தம் 26 வயதில், அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் மலைப்பாதையில் தனியாக ஏறத்தாழ 1,100 மைல் நடந்தவர். பலர் இதைச் சாகசக் கதை என்கிறார்கள். எனக்கு இது துக்கத்தின் கதை.

முதல் நாள், முதுகுப் பையைத் தூக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து வாரை மாட்டிக்கொண்டு திணறி எழுகிறாரே, அங்கேதான் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். நான் மலையேறியவள் இல்லை. ஆனால் அம்மாவின் புடவைகள் இருந்த டிரங்குப் பெட்டியை மூன்று வாடகை வீடுகளுக்குச் சுமந்திருக்கிறேன், ஒருமுறையும் திறக்காமல். அன்றிரவு திறந்தேன். சுங்குடிப் புடவை மடிப்பில் ஒரு பழைய பஸ் டிக்கெட். எங்கே போனார், யாரோடு போனார், கேட்க ஆளில்லை. அந்தப் புடவையை இப்போது வீட்டில் கட்டிக்கொள்கிறேன்.

நீங்களும் படியுங்கள். தொடக்கத்திலேயே தாயின் மரணம் வருகிறது. அதை மட்டும் இரவில் தனியாகப் படிக்க வேண்டாம்.