ஜனவரியில் நயாகரா: படகு ஓடாவிட்டால் ரத்து செய்வதா?

டொராண்டோவிலிருந்து ஒருநாள் வழிகாட்டிச் சுற்றுலா, கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா, அருவியின் அடிவரை போகும் படகும் ஓடாதாம், ரத்து செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். நான் போனதும் ஜனவரியில்தான்.

படகு நிற்பது ஏமாற்று வேலை இல்லை. ஆற்றில் பனிக்கட்டி மிதப்பதால் குளிர்காலத்தில் கனடா, அமெரிக்கா இரு கரையிலுமே ஓட்டமாட்டார்கள். அதற்குப் பதில் அருவிக்குப் பின்னால் போகும் சுரங்கப்பாதை சுற்றுலாவில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட்டில்தான் இறங்குவது, அம்மாவுக்குச் சிரமம் குறைவு. பனி கட்டினால் அங்கே அருவியைப் பார்க்கும் கீழ் மேடையை மூடிவிடுவார்கள், அதையும் கேளுங்கள். எங்கள் வழிகாட்டி இதைச் சொல்லவே இல்லை.

அருவி உறைந்துபோய்விடுமோ என்ற பயம் வேண்டாம். மேலே பனிக்கூரை கட்டினாலும் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 1848 மார்ச்சில், ஆற்றுக்குத் தண்ணீர் தரும் ஈரி ஏரியின் வாயைப் பனிக்கட்டி அடைத்து அருவியே நின்றுபோனது உண்மைதான். ஆனால் 1964 முதல் குளிர்காலத்தில் அங்கே பனிக்கட்டியைத் தடுக்க மிதவைத் தடுப்பு போடுகிறார்கள்.

உண்மையான தொல்லை வழுக்கல்தான். சாரல் பறந்து வந்து நடைபாதையிலும் கைப்பிடியிலும் கண்ணாடிபோல உறைந்துவிடும். அம்மாவின் ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை கட்டாயம். உங்களுக்கும்தான், நான் வாங்காமல் போய் இரண்டு முறை விழுந்தேன்! வெளியே பத்து நிமிடம் நின்றால், நயாகராவின் பெரிய அருவியான குதிரைலாட அருவியை ஒட்டியிருக்கும் டேபிள் ராக் கட்டடத்துக்குள் போய்க் கொஞ்சம் சூடேறிக்கொள்ளலாம்.

அப்புறம், திரும்பும் வண்டி அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று பாருங்கள். ஐந்து மணிவாக்கில் இருட்டத் தொடங்கிவிடும், அருவிமேல் வண்ண விளக்கு போடுவது அதற்குப் பிறகுதான்.