மாற்றித் தரச் சொல்வதற்கு முன் ஆன்டெனா ஒயரைப் பாருங்கள்

கேள்வி: காசிமேட்டில் சின்ன லாஞ்ச் ஒன்று வைத்து நானே ஓட்டுகிறேன். மீன்பிடி தடைக்காலம் முடிந்ததும் ஏ.ஐ.எஸ். கருவி (படகின் பெயரையும் இடத்தையும் சுற்றியுள்ள கப்பல்களுக்குச் சொல்வது, அவற்றை நமக்கும் காட்டுவது) வாங்கிப் பொருத்தினேன். இரண்டு நடை நன்றாக இருந்தது. இப்போது கப்பல்கள் எல்லாம் என் திரையில் தெரிகின்றன, என் லாஞ்ச் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மகன் செல்போன் ஆப்பில் தேடினாலும் இல்லை. கடைக்காரர் 'மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்க ஒயரிங்தான் தப்பு' என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். இருட்டில் பெரிய கப்பல் வரும் வழியில் உங்கள் லாஞ்ச் தெரியாமல் நிற்கிறதே, முதலில் அதைச் சரிசெய்வோம்.

செல்போன் ஆப்பை வைத்து முடிவுக்கு வராதீர்கள். உங்கள் கருவி ரேடியோ அலையில்தான் தன் இடத்தைச் சொல்கிறது. கரையில் உள்ள ஏதாவது ஒரு ரிசீவரோ செயற்கைக்கோளோ அதைக் கேட்டு இணையத்தில் ஏற்றினால்தான் ஆப்பில் வரும். பக்கத்தில் நிற்கும், ஏ.ஐ.எஸ். உள்ள வேறொரு லாஞ்சின் திரையில் பாருங்கள். அதையும் அவசரப்பட்டுப் பார்க்க வேண்டாம். சின்னப் படகுகளுக்கான 'பி' வகைக் கருவி, படகு மணிக்கு 2 நாட்டிகல் மைல் வேகத்தைத் தாண்டினால் 30 நொடிக்கு ஒருமுறை பேசும். கட்டிப்போட்டு நிற்கும்போது 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். படகின் பெயர் 6 நிமிடத்துக்கு ஒருமுறை போகும். ஒரு டீ குடிக்கும் நேரமாவது பார்த்துவிட்டுத்தான் 'வரவில்லை' என்று சொல்ல வேண்டும்.

அப்படியும் வரவில்லையா? மற்ற கப்பல்கள் உங்களுக்குத் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய துப்பு. கேட்பதற்கு அரைகுறை ஆன்டெனாவே போதும், பெரிய கப்பல்கள் 12 வாட்டில் கத்துகின்றன. உங்களுடைய கருவி பேசுவது அநேகமாக 2 வாட்டில். அதனால் பழுது பேசும் பக்கத்தில் இருக்கிறது. மூன்று இடம் பாருங்கள்.

ஒன்று, கருவியைப் பேசவிடாமல் நிறுத்தும் 'சைலண்ட்' பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கலாம். பையன்கள் கை பட்டாலே போதும். இரண்டு, ஜி.பி.எஸ். கோளாறு: கருவிக்குத் தன் இடமே தெரியாவிட்டால் வெளியே சொல்ல ஒன்றும் இருக்காது. ஜி.பி.எஸ். ஆன்டெனா தகரக் கூரைக்கு அடியில் போயிருந்தாலோ, அதன் மேல் யாராவது வலையைக் குவித்திருந்தாலோ இப்படி ஆகும்.

மூன்றாவது, நான் அதிகம் சந்தேகப்படுவது, ஆன்டெனா ஒயர். போன வருடம் சொந்தக்காரர் ஒருவரின் லாஞ்சில் இதே குறைக்காக ஏறினேன். மாஸ்ட் அடியில் இருந்த கனெக்டரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் நாலு சுற்று சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்ததும் உப்புத்தண்ணீர் சொட்டியது. உள்ளே செம்புப் பின்னல் பச்சைப் பொடியாக உதிர்ந்தது, விரலில் ஒட்டிக்கொண்டது. டேப் தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே பிடித்து வைத்திருந்தது. செம்பு பளிச்சென்று தெரியும்வரை ஒயரை வெட்டி, புது கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டி ரப்பராக இறுகும் டேப்பைச் சுற்றினோம். இரண்டு நடை ஓடி நின்றுபோன உங்கள் கதையும் இதற்கு ஒத்துப்போகிறது.

அப்படியே ஒயரின் உடம்பில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 75 ஓம் டி.வி. ஒயர் போட்டிருந்தால் அது தப்பு, 50 ஓம் வேண்டும். 50 ஓமிலும் ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய ஒயர் 15 மீட்டர் ஓடினால் சக்தியில் கிட்டத்தட்ட பாதி வழியிலேயே போய்விடும். 2 வாட் கருவியில் ஆன்டெனாவுக்குக் கிடைப்பது 1 வாட். தடித்த ஆர்.ஜி. 213 விலை கூடுதல்தான், ஆனாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். வயர்லெஸ் ஆன்டெனாவையே பகிர்ந்துகொள்ள டி.வி. ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள். வயர்லெஸ்ஸில் பேசினால் அந்த சக்தி ஏ.ஐ.எஸ். கருவிக்குள் பாய்ந்து அதை எரித்துவிடும்.

பேட்டரியையும் விடாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டு, கருவியின் பின்பக்க முனையிலேயே மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் 12 வோல்ட் இருந்து அங்கே 10 காட்டினால் நடுவில் உள்ள ஃபியூஸோ ஒயரோ தின்கிறது. கருவி ஒருமுறை பேசுவது ஒரு நொடியில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு நேரம்தான், அந்த நேர இறக்கம் மீட்டரில் பிடிபடாது. அதனால்தான் விளக்குகளைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால் கருவிதான் பழுது. இன்னொரு லாஞ்சின் ஆன்டெனாவில் உங்கள் கருவியை மாட்டி, பேசாததை வீடியோ எடுங்கள். பிறகு கடைக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். பில்லைப் பாருங்கள்: பொருத்தும் கூலியும் அதே பில்லில் இருந்தால் 'உங்க ஒயரிங்' என்று அவர் சொல்ல வழியில்லை, ஒயரிங் அவருடையது. அசையவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, குறை எழுந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். 'தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

கேள்வி: எண்ணூரிலிருந்து எழுதுகிறேன். ராத்திரி மட்டும் வயர்லெஸ் இரைகிறது, ஏ.ஐ.எஸ். திரையில் கப்பல்கள் குறைகின்றன. கருவியை மாற்றவா?

பதில்: வேண்டாம். தளத்தில் மலிவான எல்.இ.டி. விளக்கு புதிதாகப் போட்டீர்களா? அவற்றில் சில வயர்லெஸ், ஏ.ஐ.எஸ். இரண்டிலும் இரைச்சலைக் கிளப்பும்; இதைப் பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-லேயே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. சோதனை சுலபம். விளக்கை அணைத்து, வயர்லெஸ்ஸில் யாரும் பேசாத சேனலில், இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் நிற்கும் இடம்வரை மட்டும் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பினால் அந்த விளக்குதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, குற்றவாளியை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள் அல்லது மாற்றுங்கள்.

கேள்வி: திருவொற்றியூரில் உடைத்த போட்டிலிருந்து எடுத்த ஏ.ஐ.எஸ். பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? 50 நாட்டிகல் மைல் எடுக்கும் என்கிறார் விற்பவர்.

பதில்: அந்தத் தூரம் நடக்காது. இந்த அலை நேர்கோட்டில் போவது. இரண்டு போட்டிலும் ஆன்டெனா கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 9 நாட்டிகல் மைல்தான். அதைவிட முக்கியம், கருவிக்குள் பழைய போட்டை அடையாளம் காட்டும் 9 இலக்க எண் ஏறியிருக்கும். நம் நாட்டு எண்கள் 419 என்று தொடங்கும். பல கருவிகளில் அதை ஒரே ஒருமுறைதான் ஏற்ற முடியும், மாற்ற விற்பனையாளரிடமோ கம்பெனியிடமோதான் போக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால், உங்கள் படகு கவிழ்ந்த அன்று தேடுபவர்கள் உடைத்துப்போட்ட அந்தப் போட்டின் பெயரைத்தான் பார்ப்பார்கள். எண்ணை அழித்து உங்களுடையதை ஏற்றி, அதைத் திரையில் காட்டின பிறகு பணம் கொடுங்கள்.