130 அசைன்மெண்ட், திருத்த ஒரே ஆள்

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டு செக்‌ஷன், மொத்தம் 130 மாணவர்கள். அசைன்மெண்ட்டை கூகுள் கிளாஸ்ரூமில் போடச் சொன்னாலும் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். போட்டோக்கள் தலைகீழாக வருகின்றன. ஒருவர் எழுதியதை இருபது பேர் காப்பியடிக்கிறார்கள். இன்டர்னல் மார்க் போடும் நாளில் "நான் அப்பவே போட்டேன் மேடம்" என்று வந்து நிற்கிறார்கள். கல்லூரியில் மூடுல் (அசைன்மெண்ட் வாங்கித் திருத்த உதவும் இன்னொரு மென்பொருள்) வசதியும் இருக்கிறது. மாறிவிடலாமா? சீக்கிரம் திருத்த வழி உண்டா?

பதில்: முதலில் வாட்ஸ்அப்பில் வாங்குவதை நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், திருத்துவதைவிட எது எங்கே வந்தது என்று தேடுவதில்தான் உங்கள் நேரம் போகிறது. ஒரே ஒருவருக்குப் பாவம் பார்த்து போனில் வாங்கிக்கொண்டால் அடுத்த முறை முப்பது பேர் அதே வழியில் வருவார்கள்.

"அப்பவே போட்டேன்" என்பவர்கள் எல்லாரும் பொய் சொல்வதில்லை. கிளாஸ்ரூமில் ஃபைலை இணைத்துவிட்டு 'டர்ன் இன்' பொத்தானை அழுத்தாமல் வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் கணக்கில் போட்டாயிற்று. உங்கள் பட்டியலில் 'மிஸ்ஸிங்'. மூடுலிலும் 'சப்மிட்' பொத்தானைக் கட்டாயமாக்கியிருந்தால் இதே கூத்துதான், 'டிராஃப்ட்' என்று நின்றுவிடும். முதல் வாரம் வகுப்பிலேயே மார்க் இல்லாத ஒரு வெள்ளோட்ட அசைன்மெண்ட் கொடுத்து, எல்லாரையும் உங்கள் கண்ணெதிரே அந்தப் பொத்தானை அழுத்த வையுங்கள். செமஸ்டர் கடைசியில் வரும் சண்டையில் முக்கால்வாசி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

சரி, கிளாஸ்ரூமா மூடுலா? எல்லா மாணவர்களுக்கும் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் கிளாஸ்ரூம் மோசமில்லை. சொந்த ஜிமெயிலில் சேர்ந்திருந்தால் பட்டியலில் 'மாஸ் பையன்'களும் வெறும் இனிஷியல்களும்தான் தெரியும். அதில் மார்க் போடுவது தலைவலி. உங்கள் நிலைமைக்கு நான் மூடுலைத்தான் சொல்வேன். 2002-ல் வெளிவந்த பழைய திறமூல மென்பொருள், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நீங்கள் கேட்கும் கட்டுப்பாடுகள் அதில் இருக்கின்றன. பி.டி.எஃப். மட்டும், ஒருவருக்கு ஒரே ஃபைல் என்று அமைத்துவிட்டால் வேறு எதையும் அது வாங்காது. மாணவர்கள் போட்டோவாக எடுக்காமல் கூகுள் டிரைவ் செயலியிலுள்ள ஸ்கேன் வசதியில் எடுக்கட்டும். பக்கங்கள் நேராகி, எல்லாம் ஒரே பி.டி.எஃப். ஆகிவிடும்.

மூடுலில் இரண்டு தேதிகள் கொடுக்கலாம். 'டியூ டேட்' தாண்டினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் எவ்வளவு தாமதம் என்று காட்டும். 'கட்-ஆஃப் டேட்' தாண்டினால் கதவு மூடிவிடும். இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் விடுங்கள். நவம்பர், டிசம்பரில் நம் ஊரில் இது சலுகை இல்லை, தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. ஒரு மாணவருக்கு மட்டும் தேதியைத் தள்ளிக்கொடுக்கவும் மூடுலில் வழி உண்டு, அதனால் ஆஸ்பத்திரிக் காரணம் சொல்பவருக்காக மொத்த வகுப்புக்கும் நீட்டிக்க வேண்டாம். இரவு 11.59 என்று மட்டும் கெடு வைக்காதீர்கள். மாலை 5 மணி என்று வையுங்கள். சர்வர் திணறினாலும் கல்லூரியில் கேட்க ஆள் இருப்பார்கள்.

காப்பி விஷயத்துக்கு வருகிறேன். சாஃப்ட்வேரை நம்பி இதைத் தீர்க்க முடியாது. கையெழுத்துப் பக்கத்தை ஸ்கேன் செய்து போட்டால் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் புரியாது. ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி மார்க் குறைப்பது அதைவிட ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருக்கலாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்களே, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அந்த 2018 விதிமுறை ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரைகளுக்கானது. வகுப்பு அசைன்மெண்ட் அதில் வராது.

கேள்வியை மாற்றுவதுதான் வழி. "ஜி.எஸ்.டி.யின் நன்மைகளை விளக்குக" என்று கேட்டால் 130 பேரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள், வேறு எதை எழுதுவார்கள்? அதற்குப் பதிலாக, "இந்த மாதம் உங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பில்களை ஒட்டுங்கள், ஒன்று ஓட்டல் பில்லாக இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். சாதாரண ஓட்டல் பில்லில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று மொத்தம் 5 சதவீதம் இருக்கும். அந்த ஓட்டல்காரர், தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க, அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. இன்னொரு பில் 18 சதவீதம் போட்ட மிக்ஸியுடையது என்றால் அந்தக் கடைக்காரர் எடுக்கலாம். ஏன் இந்த வித்தியாசம், இதனால் யாருக்கு லாபம் என்று ஒரு பக்கம் எழுதட்டும். ஒருவர் பில் இன்னொருவருக்கு ஆகாது. கணக்குப் பாடமென்றால் பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை முதலீட்டுத் தொகையில் சேர்த்துவிடுங்கள். ஆளுக்கொரு விடை வரும். அப்படியும் சந்தேகம் வந்தால் அந்த மாணவரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள், தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு 5 மார்க் என்றால் ரூப்ரிக்கை (எதற்கு எவ்வளவு மார்க் என்று காட்டும் அட்டவணை) இப்படிப் பிரிக்கலாம்: பில்களுக்கு 1, வரிப் பிரிப்புக்கு 1, இன்புட் கிரெடிட் விளக்கத்துக்கு 2, சொந்தமாக யோசித்ததற்கு 1. அசைன்மெண்ட் கொடுக்கும்போதே மாணவர்களுக்கும் காட்டிவிடுங்கள். திருத்தும்போது கட்டங்களைத் தட்டினால் கூட்டல் தானாக வரும். "எனக்கு ஏன் மேடம் மூணு?" என்பதற்குப் பதிலும் அங்கேயே இருக்கும். முதல் பத்துப் பேரைத் திருத்தியதும் நிறுத்தி, கை தாராளமாக இருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நூறாவது பேப்பரில் தெரிந்து பிரயோஜனமில்லை. எல்லாருடையதும் முடியும்வரை மார்க்கை வெளியிடாதீர்கள். கிளாஸ்ரூமில் 'ரிட்டர்ன்' கொடுக்கும்வரை மார்க் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மூடுலில் 'மார்க்கிங் வொர்க்ஃப்ளோ' என்ற அமைப்பு அதே வேலையைச் செய்யும்.

மார்க்கை இறக்கி எக்ஸெலில் திறக்கும்போது, பதிவு எண் 12 இலக்கம் என்றால் பாதி எண் மறைந்து நடுவில் ஆங்கில 'E' எழுத்தோடு விசித்திரமாகத் தெரியும். எண் எங்கும் போகவில்லை. அந்தப் பத்தியை 'நம்பர்' என்று மாற்றி, தசமத்தைப் பூஜ்ஜியம் ஆக்கினால் சரியாகிவிடும். மாற்றாமல் அப்படியே சேமித்தால்தான் வம்பு.

இந்த செமஸ்டர் பாதி ஓடிவிட்டதென்றால் கிளாஸ்ரூமிலேயே முடித்துவிட்டு அடுத்ததில் மாறுங்கள். ஆனால் 'ரிட்டர்ன்' கொடுப்பதற்கு முன் எல்லா ஃபைலையும் உங்கள் கணினியில் இறக்கி வைத்துவிடுங்கள். திருப்பிக் கொடுத்ததும் ஃபைலின் உரிமை மாணவருக்கே போய்விடும். அவர் அழித்தால், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்து கேட்கும்போது காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.