எந்தச் சதுர அடி?

வீட்டுக்குப் பின்னால், மாமரத்தடியிலோ கிணற்றடியிலோ, படிக்கவும் வேலை பார்க்கவும் தனியாக ஓர் அறை. இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் இதுதான். கத்தரித்துப் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: சுற்றிலும் கண்ணாடி வைத்த தோட்டத்து அறையை வெளிநாட்டுப் படம் ஒன்றில் பார்த்தேன். அதே மாதிரி எங்கள் வீட்டில் கட்டலாமா? (வேலூர்)

பதில்: கட்டலாம். வடகம் நன்றாகக் காயும்.

கேள்வி: அறை 10க்கு 12 அடி. கூரை வேலைக்குச் சதுர அடி 300 ரூபாய் என்று பேசினோம். 36,000 ஆகும் என்று இருந்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் 232 சதுர அடி என்று 69,600க்குப் பில் நீட்டுகிறார். இது ஏமாற்றுதானே? (தஞ்சாவூர்)

பதில்: இந்தச் சதுர அடிப் பேச்சை எடுத்தாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். நீங்கள் தரையை அளந்தீர்கள், அவர் கூரையை அளந்தார். சாரல் அடிக்காமல் இருக்க நாலு பக்கமும் 2 அடி வெளியே நீட்டியிருப்பார். 10 அடி 14 ஆயிற்று, 12 அடி 16 ஆயிற்று. சரிவின் மேலேயே நாடாவைப் போட்டால் அந்த 14 இன்னும் அரை அடி வளரும். 14½ஐ 16ஆல் பெருக்கிப் பாருங்கள், 232 வருகிறதா? கணக்கில் தப்பில்லை, பட்டறை வழக்கமும் அதுதான். அதை முன்கூட்டி வாய் திறந்து சொல்வது மட்டும் ஏனோ வழக்கத்தில் இல்லை!

கொட்டேஷன் என்று ‘ச.அ. 300’ எனத் துண்டுச் சீட்டில் கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். அளவு தரையா கூரையா, ஷீட் எத்தனை மி.மீ., குழாய் எத்தனை மி.மீ., பிரைமர் அடித்துப் பெயின்ட் எத்தனை கோட், மழைத்தண்ணீர் இறங்கும் பைப் இதில் சேர்த்தியா என்று ஒவ்வொன்றும் எழுத்தில் வரட்டும்.

எழுதியதோடு விடவும் கூடாது. 50க்கு 50 மி.மீ. ஸ்கொயர் டியூப், 2 மி.மீ. கனம் என்றால் 6 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 18 கிலோ இருக்க வேண்டும். 1.6 மி.மீ. சரக்கு பதினாலரை கிலோதான் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு குழாயைத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றுங்கள். பட்டறைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

உங்கள் விஷயத்தில், கூரை அளவு என்று முதலிலேயே சொல்லவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். கொஞ்சம் இறங்கி வருவார். முழுசாக இறங்க மாட்டார்.

கேள்வி: கன்டெய்னர் கேபின் ஒன்றை ஃபோட்டோ பார்த்து வாங்கினேன். நீளம் 20 அடி, அகலம் 8. எங்கள் தெருவில் லாரி திரும்பவில்லை, கிரேனுக்கும் இடமில்லை. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் விற்றவர். வழக்குப் போடலாமா? (சேலம்)

பதில்: யார் மேல்? தெருவின் மேலா? அதே தெருவில்தானே ஐயா குடியிருக்கிறீர்கள். அளந்து பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. வந்த விலைக்கு யாரிடமாவது தள்ளிவிடப் பாருங்கள்.

கேள்வி: பணி ஓய்வுப் பணத்தில் தோட்டத்து அறை கட்ட ஒருவரிடம் 1,75,000க்குப் பேசி, 1,40,000 கொடுத்துவிட்டேன். நாலு தூண் நட்டார். ஐந்து மாதமாக ஆள் வரவில்லை, இப்போது ஃபோனும் எடுப்பதில்லை. ஒப்பந்தம் எழுதவில்லை. என் மீதுதான் தப்பா? (திருச்சி)

பதில்: இல்லை அம்மா. நம்பிக் கொடுத்தீர்கள், அவர் வேலையை முடிக்கவில்லை. தப்பு அவருடையது. ஒப்பந்தத் தாள் இல்லாவிட்டாலும் வாட்ஸப் பேச்சு இருக்கும், பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தப் பதிவு இருக்கும். நாலு தூணையும் தேதி விழுகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். பிறகு, 15 நாளுக்குள் வேலையை முடி, இல்லையென்றால் பணத்தைத் திருப்பு என்று ஒப்புகை கேட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதியலாம்.

அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 2019ஆம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். அந்தத் தூண்களை அதுவரை யாரும் பிடுங்க விடாதீர்கள், அவைதான் உங்கள் சாட்சி.

கேள்வி: வாஷிங் மெஷின் பிளக்கிலிருந்தே தோட்டத்து அறைக்கு ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். (மதுரை)

பதில்: வேறு எலக்ட்ரீஷியனைப் பாருங்கள். போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்).

கேள்வி: கூரைக்குப் பாலிகார்பனேட் ஷீட் போட்டால் பகலில் லைட்டே வேண்டாமாமே? (கோவை)

பதில்: லைட் வேண்டாம், உண்மைதான். நானும் அந்த ஆசையில் பச்சை நிற ஷீட் வாங்கிப் போட்டவன். கீழே உட்கார்ந்த எல்லார் முகத்திலும் பாசி பிடித்த மாதிரி ஒரு களை. சோறுகூடப் பச்சை. போதாததற்கு, வெயிலைத் தாங்கும் பூச்சு உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது, மாட்டினவருக்கும் தெரியாது. எழுத்து அச்சடித்த பிளாஸ்டிக் உறை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ அதுதான் மேல்பக்கம். நாங்கள் முதல் வேலையாக அந்த உறையைத்தான் உரித்துப் போட்டோம். இரண்டாவது கோடையில் ஷீட் பழுத்து, கை வைத்த இடத்தில் நொறுங்கியது.

வெளிச்சம்தான் வேண்டும் என்றால் கூரையை வெயில் தாங்கும் பஃப் பேனலில் (இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பலகை) போட்டு, வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வையுங்கள். என் ஷீட்டில் மிஞ்சிய துண்டு இப்போது கோழிக்கூட்டுக்கு மேல் கிடக்கிறது.