ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எப்படி வருகிறது?

கேள்வி: கொரோனா பரிசோதனையான ஆர்டி-பிசிஆரில் 'ஆர்டி' என்பது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று படித்தேன். டிஎன்ஏவிலிருந்துதானே ஆர்என்ஏ வரும்? தலைகீழாக எப்படி நடக்கும்? (கல்லூரி மாணவி, கரூர்)

பதில்: ரௌஸ் சார்கோமா என்று கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்று உண்டு. அதன் மரபுப்பொருள் ஆர்என்ஏ. ஆனால் டிஎன்ஏவைப் படியெடுக்க விடாமல் தடுக்கும் ஆக்டினோமைசின்-டி மருந்தைக் கொடுத்தால் அதன் பெருக்கம் நின்றுவிடுகிறது. அப்படியானால் இடையில் டிஎன்ஏ இருக்க வேண்டும் என்றார் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த ஹோவர்ட் டெமின். பல ஆண்டுகள் பெரும்பாலோர் நம்பவில்லை. 1970இல் அவரும் சடோஷி மிசுட்டானியும் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) டேவிட் பால்டிமோர் தனியாகக் கண்டுபிடித்தார். 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகளும் வந்தன. 1975இல் டெமினுக்கும் பால்டிமோருக்கும் நோபல் பரிசு.

சரி, வேலை எப்படி நடக்கிறது? ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் நான்கு வேதி எழுத்துகளால் ஆன வரிசைகள். ஆர்என்ஏவில் ஏ இருந்தால் டி, யு இருந்தால் ஏ, ஜி இருந்தால் சி, சி இருந்தால் ஜி என்று நொதி கோத்துக்கொண்டே போகும். ஆனால் வெறும் இடத்தில் தொடங்க அதற்குத் தெரியாது. பிடித்துத் தொடர ஒரு சிறு துண்டு, அதாவது பிரைமர் வேண்டும். இந்த வைரஸ் செய்வது பச்சைத் திருட்டு: செல் புரதம் கட்ட வைத்திருக்கும் டிரிப்டோஃபேன் டிஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏவையே பிரைமராக வைத்துக்கொள்கிறது. அது ஒட்டுவதோ ஆர்என்ஏவின் 5' முனைக்கு, அதாவது தொடக்க முனைக்கு அருகில். நொதி அந்த முனையை நோக்கியே நகர்வதால் நூறு எழுத்து போனதும் பாதை முடிந்துவிடும்! அப்போது அதே நொதியின் இன்னொரு பகுதி, படித்து முடித்த ஆர்என்ஏவை வெட்டிப்போடுகிறது. விடுதலையான டிஎன்ஏ துண்டு மறுகோடியில் உள்ள 3' முனைக்குத் தாவுகிறது. இரு முனைகளிலும் ஒரே வரிசை இருப்பதால் அங்கே கச்சிதமாக ஒட்டி, மீதியை எழுதுகிறது. வெட்டுக்குத் தப்பிய ஒரு ஆர்என்ஏ துண்டே டிஎன்ஏவின் இரண்டாம் இழைக்குப் பிரைமர். இந்தத் தாவலை வகுப்பில் நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு முறையாவது வரைந்தால்தான் மாணவர்களுக்குப் பிடிபடும்.

ஆய்வகத்தில் இந்தச் சுற்றுவழி வேண்டாம். புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவின் வாலில் ஏ வரிசை இருப்பதால் டி எழுத்துகளால் ஆன பிரைமர் போதும். நொதியும் டிஎன்ஏ எழுத்துகளான நான்கு நியூக்ளியோடைடுகளும் சேர்த்து 42 டிகிரியில் வைத்தால் சிடிஎன்ஏ, அதாவது ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல் கிடைத்துவிடும். கையுறை போடாத விரல் பட்டால் மட்டும் ஆர்என்ஏ சிதைந்துபோகும். அதற்காக மாணவர்களை நிறையத் திட்டியிருக்கிறேன்.

அப்புறம், கொரோனா வைரஸிடம் இந்த நொதி கிடையாது. அது ஆர்என்ஏவிலிருந்து நேராக ஆர்என்ஏவே செய்துகொள்ளும். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் முறையான பிசிஆரில் பெருக்குகிற நொதிக்கு டிஎன்ஏ வேண்டும் என்பதால் பரிசோதனைக்கூடத்தில் நாம்தான் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைச் சேர்க்கிறோம்.