அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோய்தானா?

இன்று இரவே அப்பா தனியாக இருக்கும் மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறுங்கள். முடியாதென்றால் கும்பகோணத்தில் இருக்கும் உங்கள் அண்ணனைப் போய் அப்பாவோடு தங்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பெங்களூரிலிருந்து அனுப்பிய கடிதத்தில், அப்பாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோயா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா இறந்த ஏழு மாதத்தில் 73 வயது அப்பாவுக்குப் பெயர்கள் மறக்கின்றன, கேட்டால் பதில் இல்லை, இணையத்தில் பார்த்த பட்டியலோடு எல்லாம் ஒத்துப்போகிறது என்கிறீர்கள். நடுவில், பாஸ்புக்கையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒரு பையில் போட்டு உங்கள் கையில் கொடுத்து, "இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்று அவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அதை அவருடைய பொறுப்புணர்ச்சி என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பாடு குறைந்து, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, வாசல் திண்ணைக்குக்கூட வராத ஒருவர் கணக்கை ஒப்படைக்கிறார் என்றால், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வயதானவர்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று வந்து சொல்வது அபூர்வம். வயிறு மந்தம், உடம்பு அசதி, தூக்கமில்லை என்றுதான் சொல்வார்கள். நாமும் வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவோம். இந்தத் தப்பை டாக்டர்களும் செய்கிறோம். மனச்சோர்வு முற்றினால் கவனம் சிதறும், மறதியும் வரும். அல்சைமர் மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் வரும். அதில் பெரும்பாலும் நோயாளி "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார், வீட்டார்தான் கவலைப்படுவார்கள். உங்கள் அப்பாவோ சில மாதங்களில் மாறியிருக்கிறார். "எனக்கு ஒண்ணுமே நினைவில்லை, விடும்மா" என்று அவரே சொல்கிறார். இது மனச்சோர்வின் பக்கம்தான் அதிகம் சாய்கிறது. கடிதத்தை வைத்து முடிவு கட்ட மாட்டேன். மனது தேறிய பிறகும் மறதி இருந்தால் அப்போது அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

ஊருக்குப் போனதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அப்பா, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். உண்டாகாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்களே அதிகம். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் கண் கலங்கினாலோ, அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. எந்த நேரத்திலும் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து, மிச்சம் வைத்த மாத்திரைகள் எது இருந்தாலும் அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள்.

இன்னொன்றும் எனக்குக் கோபம் வரவழைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அல்பிரசோலத்தை இரண்டு மாதமாகத் தினமும் இரவில் போடுகிறார் என்கிறீர்கள். அடுத்தவர் சீட்டில் வாங்கிய தூக்க மாத்திரையை எழுபது வயதுக்காரருக்குக் கொடுப்பதா? அதனாலேயே மறதியும் தடுமாற்றமும் வரும். ராத்திரி எழுந்து போகும்போது கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் நாளைக்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய ஞாபகசக்தி கேப்ஸ்யூலை இன்றே தூக்கிப் போடுங்கள்.

முட்டி சொடக்குவது, நகத்தில் வெள்ளைக் கோடு, கையில் கரும்புள்ளி என்று நீங்கள் எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அவர் எடை 64 கிலோவிலிருந்து 57 ஆனதை மட்டும் விடாதீர்கள். சாப்பிடாததால் இளைத்திருக்கலாம். ஆனாலும் அவர் சர்க்கரை நோயாளி. சர்க்கரை, தைராய்டு, சோடியம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, மார்பு எக்ஸ்ரே பார்த்துவிடுங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறவர் என்பதால் பி12 அளவும் தேவை. அது குறைந்தாலும் மறதி வரும், சோர்வு வரும். கூப்பிட்டால் திரும்பாததற்குக் காது அடைப்பே காரணமாக இருக்கலாம். காதையும் காட்டுங்கள்.

பெங்களூருக்கு அழைத்து வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அங்கே காலை எட்டு மணிக்கு வீடு காலியாகிவிடும். பாஷை தெரியாது, பன்னிரண்டாவது மாடி. நாற்பது வருடம் பாடம் நடத்திய தெருவில் அவருக்கு வணக்கம் சொல்ல நாலு பேராவது இருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் நீங்களும் அண்ணனும் மாறி மாறி மயிலாடுதுறையில் போய் இருங்கள். யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சை அவர் காதில் விழும்படி பேசவே பேசாதீர்கள். பாரம் என்ற வார்த்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

போனில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்ற விசாரணையோடு நிறுத்தாதீர்கள். அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். அழுதால் அழட்டும், பேச்சை மாற்றாதீர்கள். உங்கள் பையனுக்குத் தினமும் அரை மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்ததை இன்னும் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று அவருக்குப் புரிய வேண்டும்.

மனச்சோர்வுக்கு மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக்கூட ஆகலாம். பத்தாம் நாள் "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று அவரே நிறுத்தப் பார்ப்பார். பலன் தெரியும் வரை மாத்திரை டப்பா உங்கள் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கட்டும். ராத்திரி அந்த வீட்டில் இன்னொருவர் படுத்திருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவர் போடும் எல்லா மாத்திரைகளையும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.